பேறுகாலக் கஞ்சி

எங்கள் பக்கம் சாரல் விழுந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். குற்றாலத்தில் அருவி கொட்டும், கூட்டம் வரும், துண்டு விற்கிறவன் முதல் பழம் விற்கிறவன் வரை நாலு காசு பார்ப்பான். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் காரணம் வேறு. வந்த கூட்டம் தின்னும். தின்றுவிட்டு மிச்சம் வைக்கும். அந்த மிச்சத்தில்தான் என்னுடைய நாற்பத்தொரு பன்றிகளும் வளர்ந்தன.

என் பெயர் பெர்சிஸ். இலஞ்சியைத் தாண்டி வாய்க்கால் ஓரமாக எங்கள் வீடும் பன்றிக் கொட்டிலும். என் வீட்டுக்காரர் சாம் விடியற்காலையில் குட்டியானை வண்டியில் நீல டிரம்களை ஏற்றிக்கொண்டு ஓட்டல் ஓட்டலாக, காட்டேஜ் காட்டேஜாகப் போய் வருவார். சோறு, சாம்பார், பரோட்டா, எலும்பு, சில நாள் மெழுகுவத்தி குத்திய பிறந்தநாள் கேக்கே முழுசாக வரும். கல்யாண வீடுகளில் என் பக்கத்து நாற்காலி மட்டும் கொஞ்ச நேரம் காலியாகக் கிடக்கும். அதே ஆட்கள் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கறி வாங்க என் வாசலில் வரிசையில் நிற்பார்கள். இதற்கெல்லாம் கோபப்படுவதை நான் விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

ஓட்டல் மிச்சத்தை அப்படியே பன்றிக்குக் கொட்டக் கூடாது. பழைய தார் டிரம்மைப் பாதியாக வெட்டி அடுப்பில் வைத்திருக்கிறோம். அதில் அரைமணி நேரம் தளதளவென்று கொதித்த பிறகுதான் தொட்டியில் ஊற்ற வேண்டும். கால்நடை டாக்டர் ஷாரோன் இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஆனால் பேச்சில் கண்டிப்பு. நானும் மூன்று தடவையும் தலையாட்டியிருக்கிறேன். சாரல் காலத்தில் விறகு நனைந்துவிடும். மட்டை நனையும், சிரட்டை நனையும். ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். அந்த ஜூன் மாதத்தில் பாதி நாள் நாங்கள் எதையும் கொதிக்க வைக்கவில்லை, சூடு காட்டினோம், அவ்வளவுதான். சூடு காட்டியதைக் கொதித்தது என்று சொல்வது எங்கள் வீட்டில் யாருக்கும் பொய்யாகவே படவில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வள்ளித்தாய் வீடு. எங்களுக்குள் சொந்தம் எதுவும் கிடையாது, ஆனாலும் அவள் என்னை மைனி என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் போன பிறகு பீடி சுற்றியே மகனை ஆளாக்கினவள். மகன் முத்துச்செல்வம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். இருபத்தைந்து வருடம் புகையிலைத் தூளில் கிடந்ததில் வள்ளியின் நெஞ்சில் இருமல் குடியேறிவிட்டது. பீடித் தட்டை விடாவிட்டால் இருமலும் விடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விட்டால் எதைத் தின்பாள்?

அதற்காகத்தான் போன வருடம் ஒரு பொட்டைக் குட்டியை அவளுக்கு வாரத்துக்குக் கொடுத்தேன். குட்டி என்னுடையது, வளர்ப்பு அவளுடையது. முதல் ஈற்றில் பாதிக் குட்டி எனக்கு. அதற்குப் பிறகு தாயும் அவளுக்கு, அது ஈனுவதெல்லாமும் அவளுக்கு. முத்துச்செல்வம் மார்க்கெட்டில் கழிக்கிற முட்டைக்கோஸ் இலையும் சொத்தைத் தக்காளியும் தினம் ஒரு சாக்கு கொண்டுவருவான். அதைத் தின்றே அது மதமதவென்று வளர்ந்தது. ஓட்டல் மிச்சம் ஒரு வாய்கூடத் தின்றதில்லை. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. "ஏட்டி" என்பாள், வந்து நிற்கும்.

ஜூன் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் கோயில் விட்டு வரும்போது வள்ளி வாய்க்காலுக்கு அந்தக் கரையில் நின்று கத்தினாள்.

"மைனி! ஒம்போது! ஒம்போதும் உசுரோட கெடக்கு!"

"பாதி எனக்குட்டி" என்று நானும் கத்தினேன். "நாலரைய எப்படி வெட்டுவ?"

"அந்த அரைய வால் பக்கமாப் பாத்து எடுத்துக்கிடுங்க!" சிரித்தாள், சிரிப்பு இருமலாகி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருமி முடித்ததும் சொன்னாள்: "இந்த ஒம்போதும் தேறிட்டுன்னா தட்டத் தூக்கிப் பரண்ல எறிஞ்சிருவேன் மைனி. பெறவு சாவுத வரைக்கும் இலையத் தொட மாட்டேன்."

வாரத்துக்கு விட்ட உயிர் ஈன்றால், விட்டவள் வெறுங்கையோடு பார்க்கப் போகக் கூடாது. மகள் பேறுகாலத்துக்கு அம்மா வீட்டிலிருந்து கொண்டுபோவது மாதிரி, ஆடோ மாடோ பன்றியோ, கருப்பட்டி போட்ட கஞ்சி போக வேண்டும். அதுவும் வீட்டில் புழங்குகிற தூக்குவாளியில். வாங்கினவளும் வாளியை வெறுமனே திருப்பித் தர மாட்டாள். ஒரு பிடி அரிசியோ நாலு வெங்காயமோ போட்டுத்தான் தருவாள்.

அன்றைக்கு என் அடுப்பில் உலை வைக்கவில்லை. விறகு நனைந்திருந்தது. கொட்டிலில் காலையில் வந்த டிரம் நின்றது. மேலாக வெள்ளைச் சோறு, மல்லிகைப்பூ மாதிரி, யாரோ இலையில் வாங்கிக் கைபடாமல் வைத்துவிட்டுப் போனது. வெறும் சோறுதானே என்று நினைத்தேன். இரண்டு அகப்பை அள்ளிப் பிசைந்து, தண்ணீர் ஊற்றி, இரண்டு வட்டுக் கருப்பட்டி நுணுக்கிப் போட்டு எவர்சில்வர் தூக்குவாளியில் கொண்டுபோனேன். ஈன்ற பன்றி ஒரே மூச்சில் குடித்தது. வள்ளி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, "அம்மை வீட்டுக் கஞ்சிட்டி, நல்லாக் குடி" என்றாள். வாளியைக் கழுவிக் கூரை இறவாணத்தில் மாட்டினாள். அரிசி வாங்கின பிறகு போட்டுத் தருவதாகச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் எங்கள் கிடாப் பன்றி எழுந்திருக்கவில்லை. காது இரண்டும் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. உடம்பில் கை வைக்க முடியாத சூடு. சாயங்காலம் செத்தது. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் நாலு.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று மலைக்கு அந்தப் பக்கமிருந்து முன்பே பேச்சு வந்திருந்தது. மனிதர்களை ஒன்றும் செய்யாது. பன்றிக்கு வந்தால் மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. கறியில் இருக்கும், எலும்பில் இருக்கும், செருப்பில் ஒட்டிய சாணியில் இருக்கும். எந்தக் காட்டேஜில் யார் எங்கிருந்து கொண்டுவந்த பொட்டலத்தின் மிச்சத்தில் எங்கள் டிரம்முக்கு வந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அரைமணி நேரம் கொதித்திருந்தால் அந்தக் கிருமி செத்திருக்கும். அது எனக்கும் வெளிச்சம்.

சாம் போனை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போனார். வியாபாரி தாணுமாலயனோடு பேசுகிறார் என்று கிட்டே போகாமலே தெரிந்தது. திரும்பி வந்து சொன்னார்: "ராத்திரி வண்டி கொண்டாருதானாம். நிக்கது பூராவையும் பாதி வெலைக்கு எடுத்துக்கிடுவானாம். சீக்குன்னு தெரியும், ஆனா கேக்க மாட்டான்."

"பெறவு அது எங்கன போகும்?"

"எங்கனயும் போகட்டும். தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன முழம் என்ன?"

நான் டாக்டர் ஷாரோனுக்குப் போன் போட்டேன். உடனே என்னை உத்தமி என்று நினைத்துவிட வேண்டாம். யானைதான் இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். பன்றி தானாகச் செத்தால் குழி வெட்டுகிற கூலியும் நம் கையிலிருந்துதான் போகும். அரசாங்கம் கொன்றால் எடைக்கு ஏதோ கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதுவும் மனதில் இருந்தது. சாம் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வருவதற்குள் இன்னும் பத்துப் போய்விட்டன. முடிவும் நான் நினைத்ததுதான். ஷாரோன் போனில் படத்தைத் திறந்து எங்கள் கொட்டில்மேல் விரலை வைத்து வட்டம் போட்டுக் காட்டினாள். "ஒரு கிலோமீட்டர் ஆன்ட்டி. இதுக்குள்ள இருக்க பன்றி எல்லாத்தையும் எடுத்தே ஆகணும். நோய் இருந்தாலும் இல்லாட்டியும்." வாய்க்காலின் அந்தப் பக்கம் ஒரு ஓட்டு வீடு வட்டத்துக்குள் தெளிவாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வள்ளி அந்தக் கரையில் வந்து நின்றாள். இரண்டு பக்கமும் யாரும் கடக்கக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள்.

"எம் பன்னி உங்க தீவனம் ஒரு வாய் தின்னதில்ல மைனி. கோஸ் எல தின்னு வளந்தது. அத டாக்டரம்மாகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும். நீங்க சொன்னா கேப்பாவ."

நான் வாயைத் திறந்தேன். அந்தக் கஞ்சியை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மறந்துவிடவில்லை. அது அவளுக்குத் தீவனமே இல்லை. அது அம்மை வீட்டுச் சீர். சீரில் போய் யார் நோயைத் தேடுவார்கள்? "பாப்பம்" என்றேன். கோழை மாதிரி வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

மறுநாள், வள்ளியின் பன்றி ஈன்ற பதினான்காம் நாள், காலையில் வந்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட ஆறு பேர், ஒரு ஜேசிபி, சுண்ணாம்பு மூட்டை. இருபத்துநாலு மிச்சமிருந்தன. ஒவ்வொன்றாக எடை போட்டார்கள், எழுதினார்கள், ஊசி போட்டார்கள். ஊசி போட்டதும் முன்னங்கால் மடங்கும், பிறகு பின்னங்கால். அவற்றைத் தொட்டியருகே கொண்டுவர நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது, என் குரலுக்குத்தான் வரும். தீனி வைக்கிற குரலிலேயே கூப்பிட்டேன். சாம் வண்டியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்லி நான் அவரை ஒருநாளும் குத்திக்காட்டினதில்லை.

பத்து மணிக்கு வாய்க்காலைத் தாண்டினோம். இடத்தைக் காட்டுவதற்கு என்னையும் கூப்பிட்டார்கள், கால்களை மருந்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போனேன். வள்ளியின் பன்றிக் கூடு காலியாக இருந்தது.

"வித்துட்டேன்" என்றாள் வள்ளி.

"எப்போ?" என்று ஷாரோன் கேட்டாள்.

"முந்தாநாத்து. யாவாரி வந்தான். பேரு தெரியாது."

பால்குடிக் குட்டிகளோடு தாயை எந்த வியாபாரியும் வாங்க மாட்டான். நேற்றுச் சாயங்காலம் அவள் என்னிடம் கெஞ்சியது டாக்டருக்குத் தெரியாது. தொட்டியில் கோஸ் இலை இன்னும் வாடவில்லை. வாசலில் டெம்போ டயர் தடம் ஈரமாகக் கிடந்தது. வள்ளியின் அண்ணன் அய்யாக்குட்டி அச்சன்புதூரில் இருக்கிறார், அவளுக்குப் பன்றியை ஒளிக்க வேறு இடம் கிடையாது. அவரிடம் எட்டுப் பன்றி. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பன்றி, எல்லாம் ஒரே குளத்துக்கரையில்தான் மேயும். முத்துச்செல்வம் காய்கறி டெம்போவில் விடியுமுன்னே கொண்டுபோய் விட்டிருக்கிறான்.

வள்ளி என்னைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிடவில்லை, ஒன்றும் செய்யவில்லை. சும்மா பார்த்தாள். என் வாயை மட்டும் நான் மூடிக்கொண்டால் போதும் என்று இருந்தது அந்தப் பார்வை.

மூடத்தான் நினைத்தேன். சத்தியமாக. பதினாலு நாளில் அதற்கு ஒரு தும்மல்கூட இல்லையே, நோய் தொற்றியிருந்தால் இதற்குள் காட்டியிருக்காதா, ஒரு வீட்டிலாவது பன்றி பிழைத்துப் போகட்டுமே, இந்தப் பெண்பிள்ளை இருமாமல் நாலு வருடம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். அப்போது இறவாணத்தில் என் தூக்குவாளி தொங்குவதைப் பார்த்தேன். சில பன்றிக்கு நோய் பதினைந்து நாள் கழித்துக்கூடத் தெரியவரும் என்று ஷாரோன் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தத் தெருவும் நினைவுக்கு வந்தது.

"டாக்டரம்மா" என்றேன். "அந்தப் பன்னி ஈன அன்னைக்கு நான் எங்க டிரம்முல இருந்து சோறு எடுத்துக் கஞ்சி குடுத்தேன். காய்ச்சாத சோறு. இப்போ அது அச்சன்புதூர்ல அவ அண்ணன் வீட்டுல நிக்குது."

வள்ளி கூட்டின் கம்பைப் பிடித்துக்கொண்டாள். வையவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. தூற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நடுப்பகலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அய்யாக்குட்டியின் பன்றிகளோடு சேர்க்காமல் தனியாகத்தான் கட்டியிருந்தார்களாம், அந்தமட்டுக்கு அவை தப்பின. வண்டியிலிருந்து இறங்க மாட்டேன் என்று தாய்ப்பன்றி கத்தியது. ஆள் இழுத்தும் வரவில்லை. கடைசியில் வள்ளி போய் நின்று, "ஏட்டி, வா" என்றாள். இறங்கி அவள் பின்னாலேயே நடந்து குழி வரைக்கும் வந்தது. மடி நிறையப் பால். டாக்டர் முதலில் இரத்தம் எடுத்துக்கொண்டாள், பிறகு ஊசி. பிறகு குட்டிகளை ஒரு பிளாஸ்டிக் கூடையில் தூக்கி வந்தார்கள்.

வள்ளி அப்போதுதான் என்னிடம் பேசினாள்.

"பாதி ஒங்களுதுதான மைனி. எந்த நாலரைன்னு சொல்லுங்க."

நான் குனிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவள் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன். ஒருத்தர் அவள் வீட்டுப் பாத்திரங்களை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார். என் தூக்குவாளியையும் முக்கி எடுத்து மறுபடி இறவாணத்திலேயே மாட்டிவிட்டுப் போனார்.

நஷ்டஈட்டுத் தாளில் சொந்தக்காரர் பெயர் கேட்டார்கள். தாய்க்கும் குட்டிக்கும் முழுசாக வள்ளித்தாய் என்றே போடச் சொன்னேன். பெரிய மனசு இல்லை. எடைக்குத்தான் காசு. ஒன்பது குட்டியும் சேர்ந்து முப்பது கிலோகூட நிற்கவில்லை. வளர்ந்திருந்தால் ஒன்றே நூறு கிலோ நின்றிருக்கும். அந்தக் கணக்கு எந்தத் தாளிலும் இல்லை.

சுற்றுவட்டாரத்தில் கறி வெட்டக் கூடாது, பன்றியை ஏற்றக் கூடாது, இறக்கக் கூடாது என்று தடை. நாங்கள் மறுபடி குட்டி வாங்க மாதக்கணக்கில் ஆகும். சாம் டிரம்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை ஏற்றப் போனார். ஓட்டல்காரர்கள் மிச்சத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் எங்களையே போனில் வைதார்கள். அந்த வருடம் சீசன் நல்ல சீசன் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் அருவிப் பக்கமே போகவில்லை. வாய்க்காலின் அந்தக் கரைக்கும் போகவில்லை.

ஆகஸ்டு கடைசியில் ஷாரோன் போன் செய்தாள்.

"வள்ளித்தாய் பன்றியோட ரிப்போர்ட் வந்துட்டு ஆன்ட்டி. ரெண்டு தடவை பாத்திருக்காங்க." "நோய் இல்ல."

"நீங்க செஞ்சது சரிதான். வட்டத்துக்குள்ள இருந்த பன்றி, எப்படியும் எடுத்திருக்கணும். நோய் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிங்க. அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. நானே சொல்லுதேன்" என்றேன். சரிதான் என்கிற அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உப்புப் போட்டுத் தின்னவா?

வாய்க்காலைத் தாண்டினேன். வள்ளி வாசலில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருமலுக்கு ஒரு பாட்டில் மருந்து. என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். ஒம் பன்னிக்குச் சீக்கு இல்லயாம் வள்ளி. ரெண்டு தடவ பாத்தாவளாம்.

அவள் ஒரு இலையை எடுத்துத் தூளை வைத்தாள், சுற்றினாள், நுனியை மடக்கினாள், நூல் கட்டினாள்.

"அப்போ கஞ்சி நல்ல கஞ்சிதான்" என்றாள்.

"ஆமா."

"ரெண்டு மாசமா அந்தக் கஞ்சியத்தான் வைதுகிட்டு இருந்தேன். கொண்டாந்த கைய வையக்கூடாதேன்னு கஞ்சிய மட்டும் வைவேன்." இருமினாள். முடியும்வரை நான் காத்திருந்தேன். "நல்ல கஞ்சியக் கொண்டாந்து குடுத்துட்டு, பெறவு எதுக்கு மைனி அப்பிடிச் சொன்னிய?"

அச்சன்புதூர்த் தெருவைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். அந்தக் காலிக் கூட்டுக்கு முன்னால் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுல்லா வள்ளி."

"எனக்குத் தெரியும்லா" என்றாள். "விடிய விடியத் தொட்டுத் தொட்டுப் பாத்தது நாந்தான."

எழுந்தாள். இறவாணத்திலிருந்து தூக்குவாளியை எடுத்து என்னிடம் நீட்டினாள். வீட்டுக்குள் போகவில்லை, அரிசிப் பானையைத் திறக்கவில்லை, ஒரு வெங்காயம்கூடப் போடவில்லை. வாங்கிக்கொண்டேன். அவள் மறுபடி உட்கார்ந்து தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.